பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், பரணிலோ பீரோ மேலோ ஓர் அரசு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் (தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனம்) வழியாக வந்தவை. அக்கா படித்து முடித்து, தம்பி கைக்கு வந்து, விண்டோஸ் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது என்று ஓரங்கட்டப்பட்டவை. லினக்ஸ் மின்ட்டோ டெபியனோ போட்டால் பாடம் படிக்கவும் நிரல் எழுதிப் பழகவும் அவை தாராளமாகப் போதும். போட்டு முடித்ததும் வரும் முதல் போன் இதுதான்: "அண்ணே, எல்லாம் நல்லா இருக்கு, வைஃபை மட்டும் வரலண்ணே."

'வரல' என்பதற்குப் பல அர்த்தம் உண்டு. குறியே இல்லையா, குறி இருந்தும் ஆன் ஆகவில்லையா, பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதா, சேர்ந்த பிறகு எதுவும் திறக்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் பழுது வேறு இடத்தில் இருக்கும். கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டி டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி) வாங்கக் கிளம்பும் முன் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள். என் கைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருக்கும். ஒரு கோப்போ, ஒரு சுவிட்சோ, கழன்ற ஒரு ஒயரோதான் குறை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் கறுப்புச் சாளரம்) அடிக்கும்போது ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக அடியுங்கள்.

எதற்கும் முன்னால்: போன் கேபிள்

வைஃபையைச் சரிசெய்ய நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். எந்த டிரைவரும் (கருவியை ஓட்டும் நிரல்) போட வேண்டியதில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது.

டெதரிங் பட்டன் மங்கலாகவே இருக்கிறதா? கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் டேட்டா ஒயர் இருக்காது.

உங்கள் கார்டு யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளையை எல்லாம் அடித்துப் பார்ப்பது ஆபத்து. பிராட்காம் கார்டுக்குச் சொன்ன வைத்தியத்தை இன்டெல் கார்டுக்குச் செய்து, இருந்த வைஃபையும் போனவர்கள் உண்டு.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, சிறு கோடு, என்என்கே என்று அடியுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்றிருப்பது ஒயர் செருகும் துளைக்கானது, அதை விட்டுவிடுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று ஓர் எண் இருக்கும். முதல் நான்கு, தயாரித்த நிறுவனம்: 8086 என்றால் இன்டெல், 14இ4 பிராட்காம், 10இசி ரியல்டெக், 168சி ஏதெராஸ். அடுத்த நான்கு, எந்த சிப் என்பது. இந்த எட்டு எழுத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மாடல் பெயரை விட இதுதான் முக்கியம், ஏனென்றால் ஒரே மாடலில் வெவ்வேறு கார்டு வைத்து விற்றிருக்கிறார்கள்.

அந்த வரிக்குக் கீழேயே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கார்டை ஒரு டிரைவர் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் கார்டு தெரிகிறது, ஓட்டத்தான் ஆளில்லை.

அறிகுறி: வைஃபை குறியே இல்லை

பட்டியலில் கார்டே இல்லை என்றால், முதலில் பயாஸ் அமைப்பில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலின் அமைப்பு) வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்எஸ்யுஎஸ்பி என்றும் அடித்துப் பாருங்கள், சில லேப்டாப்களில் கார்டு உள்ளேயே யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் பின்மூடியைக் கழற்றி, கார்டை எடுத்து, பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

பட்டியலில் கார்டு இருந்து குறி மட்டும் இல்லையென்றால், அநேகமாக ஃபர்ம்வேர் குறை. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரல் அது. அதை உற்பத்தி நிறுவனம்தான் கொடுக்கிறது, மூலநிரல் இல்லாமல். அதனால் டெபியன் பல ஆண்டுகள் அதைத் தன் நிறுவல் கோப்பில் சேர்க்காமலே இருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆகவே டெபியன் 11 அல்லது அதற்கு முந்தைய பென்டிரைவை வைத்து நிறுவியிருந்தால், புதிய பதிப்பை இறக்கி மறுபடி நிறுவுவதே எளிது. ஒரு விஷயம் கவனம்: 32 பிட் மட்டும் ஓடும் மிகப் பழைய செயலி என்றால் டெபியன் 12ஓடு நின்றுகொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13இல் 32 பிட் கணினிக்கு நிறுவியே கிடையாது.

ஃபர்ம்வேர்தான் குறையா என்று உறுதிசெய்ய, சூடோ டிமெசேஜ் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும் (டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்து). வரும் வரிகளில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஃபெய்ல்டு வித் எரர்' என்று சொல்லி மைனஸ் 2 என்று முடிந்தால் கோப்பு இல்லை என்று பொருள். எந்தக் கோப்பு என்று அதே வரியில் பெயரும் இருக்கும். நிரல் நிறுவும் கருவியான சினாப்டிக்கைத் திறந்து 'ஃபர்ம்வேர்' என்றும் உங்கள் கார்டு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் வேண்டிய பொதி (நிறுவும் கோப்புத் தொகுப்பு) வந்துவிடும். டெபியனில் இன்டெல்லுக்கு ஐடபிள்யூஎல்வைஃபை என்று முடியும் பொதி. நிறுவி, ரீஸ்டார்ட்.

ஏதெராஸின் ஏஆர்9285, ஏஆர்9485 வகைக் கார்டு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஏடிஎச்9கே என்ற டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேரே வேண்டாம்.

பிராட்காம் தனிக்கதை

14இ4 என்று தொடங்கினால் பொறுமையாகப் படியுங்கள். அடுத்த நான்கு எண்ணைப் பொறுத்து வழி மாறும். 4727 என்றால் பிசிஎம்4313. இதற்குத் திறந்த டிரைவர் இருக்கிறது, ஃபர்ம்வேர் பொதி மட்டும் போட்டால் போதும். 4315 என்றால் பிசிஎம்4312. இதற்கு பி43 என்ற டிரைவரும் அதன் எல்பி-பிஎச்ஒய் ஃபர்ம்வேர் நிறுவியும் வேண்டும். 4365 என்றால் பிசிஎம்43142. இதற்குத் திறந்த டிரைவர் இல்லை. பிராட்காம் கொடுத்த டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர்தான் கதி.

4365இல் ஒரு பொறி உண்டு. 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரியில் பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ் என்று ஒரு பெயர் இருக்கும். டிரைவர்தான் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது கார்டைப் பிடித்து மட்டும் வைத்திருக்கும், வைஃபை தராது.

மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் பெயர் வரும், தேர்ந்தெடுத்தால் முடிந்தது. நெட் இல்லாவிட்டாலும், மின்ட் நிறுவிய பென்டிரைவைச் செருகினால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற பொதி. அதோடு லினக்ஸ்-ஹெடர்ஸ் என்று தொடங்கி ஏஎம்டி64 என்று முடியும் பொதியையும் கட்டாயம் போடுங்கள். அது இல்லாமல் டிரைவர் உருவாகாது, உருவாகவில்லை என்று கண்ணில் படும்படி சொல்லவும் செய்யாது.

விண்டோஸ் 8 காலத்து லேப்டாப் என்றால் கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் குறுக்கே வரும். மின்ட்டில் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை ஒன்று வந்து சில நொடி மட்டும் காத்திருக்கும். அங்கே ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டால் திரை போய்விடும், டிரைவர் ஏறாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டபிள்யூஎல் டிரைவரின் கடைசி வெளியீடு 2015இல் வந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் அதை ஒட்டுப்போட்டு ஓட வைப்பது டெபியன், உபுண்டு போன்றவற்றின் பராமரிப்பாளர்கள்தான். லேப்டாப்பை இன்னும் சில ஆண்டு ஓட்டும் எண்ணம் இருந்தால், பழைய லேப்டாப் உடைத்து விற்கும் கடையில் ஏடிஎச்9கே வகைக் கார்டு ஒன்றைத் தேடி வாங்கி மாற்றிவிடுவது நல்லது. ஆனால் சில எச்பி, திங்க்பேட் லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. ஆன் செய்ததும் 'அன்சப்போர்ட்டட் வயர்லெஸ்' என்று சொல்லி நின்றுவிடும். திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அறிகுறி: குறி இருக்கிறது, ஆன் செய்தால் ஆன் ஆகவில்லை

ஆர்எஃப்கில், இடைவெளி, லிஸ்ட் என்று அடியுங்கள். வயர்லெஸ் லேன் என்பதன் கீழ் இரண்டு வரி இருக்கும். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு 'யெஸ்' (ஆம்) என்றிருந்தால் சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்று அடித்தால் போதும்.

'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு 'யெஸ்' என்றிருந்தால் எந்தக் கட்டளையும் கேட்காது, சுவிட்சைத்தான் தேட வேண்டும். பக்கவாட்டிலோ முன் விளிம்பிலோ விரல் நுனி அளவில் ஒரு நகர்த்தி இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போதே நகர்ந்துவிடும். இல்லாவிட்டால் எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசை. சில எச்பி லேப்டாப்களில் விளக்கு காவி நிறத்தில் இருந்தால் அணைந்திருக்கிறது, நீலமானால் ஆன்.

சுவிட்சே இல்லாத லெனோவா ஐடியாபேடில் ஹார்டு பிளாக் காட்டினால், ஐடியாபேட் அடிக்கோடு லேப்டாப் என்ற மாட்யூலை (கெர்னலில் ஏறும் டிரைவர் துண்டு) சூடோ மோட்புரோப் சிறுகோடு ஆர் கொடுத்து இறக்கிப் பாருங்கள். பிளாக் போய்விட்டால் அதுதான் பொய் சொன்னது, பிளாக்லிஸ்டில் (ஏற்றக்கூடாதவற்றின் பட்டியல்) போட்டுவிடலாம். விண்டோஸும் கூடவே இருந்தால், அங்கே போய் வைஃபையை ஆன் செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்து முழுதாக அணைத்துவிட்டு வாருங்கள். அரைத்தூக்கத்தில் விட்டு வந்தால் கார்டு அணைந்த நிலையிலேயே லினக்ஸுக்கு வரும்.

அறிகுறி: எல்லார் வைஃபையும் தெரிகிறது, எங்கள் வீட்டுடையது மட்டும் இல்லை

பழைய கார்டுகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். புது ஃபைபர் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பரப்பினால் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. ரூட்டர் அமைப்பில் 2.4ஐ ஆன் செய்து, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். 2.4இலும் தெரியவில்லை என்றால் சேனலைப் பாருங்கள். ரூட்டர் 12 அல்லது 13இல் நின்றால் வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த சில கார்டுகள் அதைக் கேட்காது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள். மாசி வீதிகள் போல வீடும் கடையும் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில், என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை என்று அடித்தால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுங்கள்.

அறிகுறி: சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் திரும்பக் கேட்கிறது

முதலில் கேட்பது யார் என்று பாருங்கள். பெட்டியின் தலைப்பில் 'கீரிங்' (பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பெட்டகம்) என்று இருந்தால் அது வைஃபை பாஸ்வேர்டு கேட்கவில்லை, லேப்டாப்பில் நுழையும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கிறது. இணைப்பு அமைப்பில் பாஸ்வேர்டை எல்லாப் பயனருக்கும் சேமிக்கும்படி மாற்றினால் அந்தத் தொல்லை போகும்.

கேட்பது வைஃபைதான் என்றால் ரூட்டரின் பாதுகாப்பு வகையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய கார்டு பலவற்றுக்கு எட்டாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். மற்றவர்களுக்கு டபிள்யூபிஏ3 வேண்டுமானால், விருந்தினர் நெட்வொர்க் ஒன்றை டபிள்யூபிஏ2இல் திறந்து இந்த லேப்டாப்பை அதில் விடலாம்.

அறிகுறி: ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் வருகிறது

எனக்கு மிகவும் பிடித்த பழுது இது. சரியானதும் அந்தப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும், லேப்டாப்பையே புதிதாக வாங்கிக் கொடுத்தது போல இருக்கும்.

ரூட்டரிலிருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து ஐடபிள்யூ டெவ் என்று அடித்து, கார்டின் பெயரைப் போட்டு, லிங்க் என்று முடியுங்கள். கார்டின் பெயர் டபிள்யூஎல் என்று தொடங்கும், என்எம்சிஎல்ஐ டெவ் என்று அடித்தால் தெரியும். சிக்னல் வரியில் மைனஸில் ஓர் எண் வரும். அவ்வளவு பக்கத்தில் மைனஸ் 30, 40 என்று இருக்க வேண்டும். மைனஸ் 70, 75 என்று காட்டினால் ஆன்டெனா வேலை செய்யவில்லை. பக்கத்தில் நன்றாக இருந்து அடுத்த அறையில் விழுந்தால் குற்றம் வீட்டில்: கனத்த பழைய சுவர், ரூட்டரை மறைத்து நிற்கும் இரும்பு பீரோ. ரூட்டரை உயரமாக, வெளியே வையுங்கள்.

ஆன்டெனா சந்தேகம் வந்தால் கார்டு எது என்று பாருங்கள். ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்றால் (எண் 10இசி, பி723) திருப்புளியை எடுக்க வேண்டாம். இந்தக் கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு இடம் இருக்கும், ஒயர் ஒன்றுதான் வந்திருக்கும். ஒயர் இல்லாத பக்கத்தை டிரைவர் கேட்டுக்கொண்டிருக்கும். இடிசி கோப்புறைக்குள் மோட்புரோப் புள்ளி டி என்ற கோப்புறையில், கான்ஃப் என்று முடியும் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கி ஒரே வரி எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்டிஎல்8723பிஇ, இடைவெளி, ஏஎன்டி அடிக்கோடு எஸ்இஎல், சமக்குறி, 2. ரீஸ்டார்ட் செய்து சிக்னலைப் பாருங்கள். ஏறவில்லையென்றால் 2ஐ 1 ஆக்குங்கள். மைனஸ் 75இலிருந்து மைனஸ் 45க்கு ஒரே வரியில் தாவும்.

மற்றக் கார்டுகளில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். திரைச் சட்டத்துக்குள் ஒட்டிய ஆன்டெனாவிலிருந்து நூல் கனத்தில் ஒயர் கீல் வழியாக இறங்கி, கார்டின் மேல் மிளகு அளவு வட்டக் கொக்கியில் மாட்டியிருக்கும். ரேமோ ஹார்டு டிஸ்கோ மாற்றியவர் கையில் அது கழன்றிருக்கலாம். கொக்கியை நேர் மேலாக வைத்து விரல் நுனியால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும், பிறகு பிடிக்காது. ஒயர் மாட்டியிருந்தும் சிக்னல் இல்லையென்றால் கீலைப் பாருங்கள். கீல் உடைந்து ஃபெவிகுயிக் போட்டு ஒட்டிய லேப்டாப் என்றால், மடங்கும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கும். ஆன்டெனா ஒயர் தனியாகக் கிடைக்கும். கீல் மாற்றும்போதே சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: கனெக்டெட் என்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

முதலில் திரை ஓரத்தில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பரணில் கிடந்த லேப்டாப்பில் பயாஸ் பேட்டரி செத்திருக்கும். தேதி பின்னோக்கிப் போயிருந்தால் உலாவி எல்லாத் தளத்தின் சான்றிதழையும் சந்தேகப்படும், புது நிரல் நிறுவவும் விடாது. தேதியை இணையத்திலிருந்து தானாக எடுக்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

தேதி சரி என்றால் பிங் 8.8.8.8 என்று அடியுங்கள். பதில் வந்தும் தளம் திறக்காவிட்டால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) பழுது. இணைப்பின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1 என்று கொடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள். மதுரை ஜங்ஷன் போன்ற பொது இடத்து வைஃபை என்றால், ஓடிபி கேட்கும் பக்கம் திறக்காமல் ஒளிந்திருக்கும். எஸ் இல்லாத எச்டிடிபி முகவரி ஏதாவது ஒன்றைத் திறந்தால் அது வெளியே வரும்.

அறிகுறி: விட்டு விட்டுப் போகிறது

மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். இடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜர் (இதில் என், எம் இரண்டும் மட்டும் பெரிய எழுத்து), அதற்குள் கான்ஃப் புள்ளி டி, அங்கே பவர்சேவ் என்று பெயரில் வரும் கோப்பில் 3 என்றிருப்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய இன்டெல் கார்டு அப்போதும் அடங்கவில்லை என்றால், முன்பு சொன்ன மோட்புரோப் கோப்புறையில் ஐடபிள்யூஎல்வைஃபைக்கு 11என் அடிக்கோடு டிஸேபிள் சமக்குறி 1 என்று ஆப்ஷன்ஸ் வரி எழுதுங்கள். வேகம் குறையும், இணைப்பு நிற்கும்.

அறிகுறி: நேற்று வரை வந்தது, அப்டேட் போட்டதும் காணோம்

பிராட்காம் டபிள்யூஎல் போட்டவர்களுக்கே பெரும்பாலும் இது வரும். ஆன் ஆகும்போது எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்துவிட்டால் புதுக் கெர்னலுக்கு டிரைவர் உருவாகவில்லை என்று பொருள். அந்த நெட்டிலேயே புதுக் கெர்னலின் ஹெடர்ஸ் பொதியைப் போட்டு, டிரைவர் பொதியை மறுபடி நிறுவுங்கள். பழைய கெர்னலை அவசரப்பட்டு நீக்காதீர்கள்.

டாங்கிள்தான் வழி என்றால்

பெட்டியில் உள்ள பிராண்டைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் டாங்கிளின் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 இருந்தது, லினக்ஸுக்கு அருமையான சிப். இரண்டாம் பதிப்பிலேயே ரியல்டெக் ஆகிவிட்டது, பெயர் மட்டும் அதேதான். கையடக்கமான மலிவு டாங்கிள்களில் எம்டி7601யு சிப் உள்ளது கிடைத்தால் வாங்கலாம், 2015இல் வந்த 4.2 கெர்னலிலிருந்தே ஆதரவு இருக்கிறது. செருகியதும் வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே விண்டோஸ் டிரைவரை வைத்து அனுப்பியிருப்பார்கள். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் பொதியைப் போட்டுக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் வைஃபையாக மாறிக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்தும் நடக்கவில்லையென்றால், தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்கும்போது "வரல" என்று மட்டும் சொல்லாமல், அந்த எட்டெழுத்து எண், ஆர்எஃப்கில் காட்டியது, டிமெசேஜில் ஃபர்ம்வேர் வரி, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, இவை எல்லாவற்றையும் திரையைப் படம் பிடித்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்.